யார் பேருக்கு அர்ச்சனை

நான் வாய் திறக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன். ஒரு பக்கமா, இரண்டு பக்கமா, மூன்று பக்கம். ஆங்கிலத்தில் அடித்திருந்த காகிதத்துக்குக் கீழே மதிவதனி தன் கையாலேயே தமிழிலும் எழுதியிருந்தாள்: 'இந்த வீட்டில் நான் பார்ப்பதையும் கேட்பதையும் வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன்.' செங்கம் சாலையில் பிரவுசிங் சென்டர் வைத்துக்கொண்டு, நாளைக்கு நாற்பது பேரிடம் வாயாடிப் பிழைக்கிறவனிடம் இப்படி ஒரு கையெழுத்து வாங்கலாமா? வாங்கினாள். இப்போது சொல்கிறேன் என்றால், அந்த வீட்டு மாமியே, "புகழேந்தி, நீ தாராளமா சொல்லிக்கோ" என்று உத்தரவு கொடுத்துவிட்டார். இல்லாவிட்டால் என் வயிறு வெடித்தே போயிருக்கும்.

இரண்டாயிரத்து எட்டு. சொல்லிவைத்துக் கரண்ட்டைப் பிடுங்கிய வருஷம். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியே என் பாதி நாள் போய்விடும். காலையில் ஐந்தே முக்காலுக்குக் கடை திறப்பேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, நான் ஷட்டரைத் தூக்கும்போதே மதிவதனி நிற்பாள். தோளில் பை, கையில் டிபன் டப்பா, தலையில் ஈரம் காயாத பின்னல்.

அவள் அப்பா கண்ணாயிரத்துக்கு இரண்டு ஏக்கர் மணிலாக் கொல்லை, வேர்க்கடலைதான். பெண் சென்னையில் தங்கி, காது கேட்காதவர்களுக்கும் பேச்சு வராதவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிற படிப்பு படித்தாள். ஊருக்குத் திரும்பி, டவுனில் காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் வேலை. அந்தப் பள்ளிக்கு உதவுகிற சபைக்காரர்கள் மூலமாக, அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் அதே படிப்பில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. போக வேண்டாம், வர வேண்டாம். எல்லாம் என் கடையின் நாலாம் நம்பர் கேபினில்தான்.

அங்கே சாயங்காலம், இங்கே விடியற்காலை. டாக்டர் ரூத் என்று ஒரு புரபசர் அம்மாள், வெள்ளை முடியை ஆண்பிள்ளை போல வெட்டிக்கொண்டு, திரையில் வருவார். முதலில் ஜெபம். மாணவர்கள் ஒவ்வொருவரும் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று எழுதிப் போடுவார்கள். மதிவதனி தலை குனிந்து கேட்பாள். 'ஆமென்' என்றதும் பழக்க தோஷத்தில் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்வாள். அது என்னவென்று அந்தம்மாள் ஒரு நாள் கேட்டே விட்டார். மறுவாரம் பார்த்தால் வகுப்பே கன்னத்தில் போட்டுக்கொள்கிறது.

அவள் எழுதிப் போட்ட முதல் வேண்டுதல், அப்பாவின் மணிலாவுக்கு ஒரு மழை. வியாழக்கிழமை எழுதினாள், சனிக்கிழமை கொட்டித் தீர்த்தது. கண்ணாயிரம் எனக்கே போன் பண்ணினார்.

"தம்பி, மதி கிட்ட சொல்லு. அந்த டீச்சரம்மாவ இன்னொரு தபா கேக்கச் சொல்லு. இப்ப வேணாம், களை எடுத்தப்புறம். இப்ப பேஞ்சா ஜாஸ்தியாப் பூடும்."

சித்திரை பிறந்தபோது அவளுக்கு ஒரு நிஜ நோயாளி தேவைப்பட்டார். வயதில் பெரியவர், பக்கவாதத்தில் பேச்சுப் போனவர். பன்னிரண்டு வாரம் பயிற்சி கொடுத்து, வாராவாரம் படம் பிடித்து அனுப்ப வேண்டும். கடைசி வாரம் புரபசர் நேரடியாகவே பார்ப்பார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார்" என்று வாயை விட்டவன் நான்தான்.

கைலாசநாத குருக்கள் வீடு சன்னதித் தெருவுக்குப் பின்னால். பெரிய கோயில் பிராகாரத்தில் உள்ள ஒரு சின்னப் பிள்ளையார் சன்னதியில் அந்தக் குடும்பத்துக்கு முறை உண்டு. பங்காளிகள் மாற்றி மாற்றி நிற்பார்கள். இவருக்கு ஆடி ஒன்றிலிருந்து பதினைந்து நாள். நாற்பது வருஷமாக ஒரு ஆடி தவறவில்லை. இவர் அர்ச்சனை பண்ணினால் நிறுத்தி, நிதானமாக, நம் பேரை நமக்கே புதிதாகத் தெரிகிற மாதிரிச் சொல்வார். அதற்காகவே நான் வருஷா வருஷம் போவேன். அந்த மனுஷர் மாசி மாதம் ஒரு காலையில் கோயிலிலிருந்து திரும்பும்போது மடப்பள்ளிக்குப் பக்கத்தில் விழுந்தார். வேலூரில் பத்து நாள் வைத்திருந்து கையையும் காலையும் மீட்டுக் கொடுத்துவிட்டார்கள். பேச்சு மட்டும் வரவில்லை.

ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. "அதான்."

பசிக்கிறதா என்றால் அதான். வலிக்கிறதா என்றால் அதான். கீரைக்காரி கட்டு பத்து ரூபாய் என்றாலும் அதான், அவளும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுப் போனாள். சொன்னது தப்பு என்று அவருக்கே தெரியும். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். அதைப் பார்க்கத்தான் முடியாது.

"ஆடிக்கு இவர் நிக்க முடியலேன்னா உமேஷ் நின்னுடுவான்" என்றார் அவர் மனைவி அகிலாண்டேஸ்வரி மாமி, நாங்கள் போன முதல் நாள். உமேஷ் குருக்களின் அண்ணன் மகன். "நல்ல பையன்தான். ஆனா அர்ச்சனை பண்ணினா பஸ் டிக்கெட் கிழிக்கற மாதிரி இருக்கும். அது போகட்டும். கோயிலுக்குப் போகாத குருக்கள் ஆத்துல என்னடிம்மா பண்ணுவார்? ரெண்டு மாசமா அந்தச் சுவத்தப் பாத்துண்டு ஒக்காந்திருக்கார். இந்த ஆடி தவறித்துன்னா அப்படியே ஒக்காந்துடுவார். எனக்குத் தெரியும்."

"நிப்பாருங்க மாமி" என்றாள் மதிவதனி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே வந்ததும் கேட்டேன்.

"எந்த தைரியத்துல சொன்ன?"

"தைரியம் எங்க இருக்குது? வாய் வந்துடுச்சிண்ணா."

கேமராவும் லேப்டாப்பும் என்னுடையவை. ஊருக்குத் திரும்பிய ஒரு ஜெர்மன்காரர் விற்றுவிட்டுப் போனவை. அவற்றை யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்பதால் நானும் கூடவே போனேன். அதனால்தான் அந்தக் கையெழுத்து.

டாக்டர் ரூத் சொல்லிக் கொடுத்த வழி எளிது. பேச்சு போனாலும் பாட்டு போகாது, அது மூளையில் வேறு பக்கம். இடது கையில் தாளம் தட்டிக்கொண்டு, ராகமாக இழுத்துச் சொல்ல வேண்டும். முதலில், வாழ்க்கையில் அவர் மிக அதிகமாகச் சொன்ன வார்த்தையை எடுத்துக்கொள். கல்யாணமானவர் என்றால் மனைவியின் பேர்.

மதிவதனி குருக்களுக்கு எதிரே உட்கார்ந்து அவருடைய இடது உள்ளங்கையில் தட்டுவாள். "அ... கி... லாண்... டேஸ்... வ... ரி. சொல்லுங்க சாமி." குருக்கள் அவளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார். வைகாசி வெயிலில் மலை காய்ந்து அனலாக அடிக்கும். நெற்றி விபூதி வேர்வையில் கரையும். கடைசியில் "அதான்" என்பார். சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். துக்கம் என்று நினைத்தேன். எட்டு வாரம் இதே கதை. எட்டுப் படமும் ஒரே படம்தான்.

முதல் வாரத்தில் மாமி எங்களுக்குக் காபியை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு நகர்வார். எட்டாம் வாரம் மதிவதனியைச் சமையலறையிலேயே உட்கார வைத்து அடை வார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கேதான் இவள் உடைந்தாள்.

"எனக்குப் பரீட்சை போனாப் போவுது மாமி. சாமிக்குத்தான் ஒண்ணுமே செய்ய முடியல. உங்க பேரே வரலியே. ஒருநாளைக்கு நூறு தடவ கூப்ட்ட பேரு..."

"யாரு கூப்ட்டா?" என்றார் மாமி.

"சாமிதான்."

மாமி தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு என்றால் கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

"அடி அசடு! நாப்பது வருஷத்துல என்னப் பேர் சொல்லி ஒரு நா கூப்ட்டதில்லடி அவர். 'இந்தா'ம்பார். இல்லேன்னா தொண்டயக் கனைப்பார். கனைக்கற தினுசுலயே காபியா மோரான்னு எனக்குத் தெரியும். நீ பாட்டுக்கு வந்து என் பேரச் சொல்லு சொல்லுங்கற, கேமரா வேற. அவர் கூச்சத்துல செத்துண்டிருக்கார். எனக்கானா சிரிப்பு தாங்கல."

"எட்டு வாரம் மாமி! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"அமெரிக்கா படிப்பாச்சே, அதுல ஏதாவது இருக்கும்னு நெனச்சேன்."

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாவம், அந்தப் புரபசரைச் சொல்லியும் குற்றமில்லை. தினம் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஊர் அது. இவள் அப்பா மட்டும் என்ன, அம்மா பாஞ்சாலையை "ஏ மே" என்பதைத் தவிர வேறெப்படிக் கூப்பிட்டார்? பாடத்தில் எழுதியிருந்ததைக் கண்டதும் தன் வீடே இவளுக்கு மறந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தாள். "மாமி, நெஜமாவே ஒரு தடவ கூட சொன்னதில்லியா? எங்கியுமே?"

மாமி யோசித்தார். அடை கருகியது. "சன்னதியில சொல்லுவார். யார் மொறையானாலும் மாசா மாசம் ரோகிணியன்னிக்கு எனக்கு இவர் கையால ஒரு அர்ச்சனை உண்டு. அங்க பேர் சொல்லித்தானே ஆகணும்."

மதிவதனி கையைக்கூடக் கழுவவில்லை. தட்டில் வெற்றிலை, இரண்டு பழம், செம்பருத்தி நாலு. அதை மாமி கையில் கொடுத்து, குருக்கள் எதிரே நிறுத்தி, கூடத்துப் பிள்ளையார் படத்துக்கு விளக்கை ஏற்றினாள். "அண்ணா, கேமரா" என்றாள்.

"சாமி, மாமிக்கு ஒரு அர்ச்சனைங்க."

குருக்கள் எழுந்தார். உத்தரீயத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். தட்டை வாங்கினார், பூவை எடுத்தார். கண்ணை மூடி இரண்டு நொடி. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், மதகு திறந்த மாதிரி வந்தது. சுபே சோபனே முகூர்த்தே என்று தொடங்கி, காசியப கோத்திரம், ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி, தடங்கலே இல்லை. அந்த இடம் வந்தது. கணீரென்று, ஒரு எழுத்துப் பிசகாமல், "அகிலாண்டேஸ்வரி நாம்ன்யா:" என்றார்.

மாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கேமராவைக் கூரைக்குக் காட்டிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் மதிவதனி பள்ளிக்குப் போயிருந்த நேரம், மாமியும் உமேஷும் சேர்ந்து, பேச்சு வந்துவிட்டது என்று குருக்களைக் கோயிலுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். உமேஷ் நின்றிருந்த சன்னதியில் இவரை நிறுத்தினார்கள். அதுவும் எந்த நாளில்? பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் பிராகாரத்தில் நெரிகிறது.

ஆரணிக்காரர் ஒருவர் புது லாரிச் சாவியைத் தட்டில் வைத்து, "தருமன், சுவாதிங்க சாமி" என்றார். குருக்கள் அருமையாக ஆரம்பித்து, "அகிலாண்டேஸ்வரி, ரோகிணி" என்று முடித்தார். அடுத்து கல்யாணம் ஆகாத பையன். அகிலாண்டேஸ்வரி. வேலைக்கு மனுப் போட்டவர், கைக்குழந்தை, குழந்தையின் தாத்தா, எல்லோரும் அகிலாண்டேஸ்வரி, ரோகிணி. பதினேழு அர்ச்சனை. லாரிக்காரர்தான் திரும்பி வந்து, "சாமி, வண்டி என் பேர்லதாங்க ஆர்சி புக்கு" என்றார். வரிசை சிரித்தது. குருக்களுக்கு அப்போதுதான் தன் வாயில் வருவது தன் காதில் விழுந்தது. தட்டை உமேஷ் கையில் கொடுத்தார். யாரையும் பார்க்காமல் நடந்து வீட்டுக்கு வந்து, துண்டால் முகத்தை மூடிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் "அதான்" கூட வரவில்லை.

மதிவதனிக்குக் கோபம் வந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"என்ன கேக்காம எப்படி மாமி இட்டுனு போனீங்க? அது பேச்சு இல்ல, பழக்கம். வாய் தானா ஓடுது. அடுத்தவங்க சொல்ற பேரக் கேட்டு, வாங்கி, திருப்பிச் சொன்னாத்தான் பேச்சு. இன்னும் மூணு வாரம்தான் இருக்குது ஆடிக்கு!"

 மாமி மெதுவாக, "பதினேழு பேரோட புண்ணியத்தையும் நான் வாங்கிண்டு வந்திருக்கேன். என்னால ஜீரணம் பண்ண முடியலடி" என்றார். கோபத்திலும் மதிவதனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரம் வகுப்பில் இதைச் சொன்னபோது டாக்டர் ரூத் மேஜையைத் தட்டிச் சிரித்தார். பிறகு இரண்டே வாக்கியம் சொன்னார். "பாதை கிடைத்துவிட்டது. இனி ஆளை மாற்று." அன்றைக்கு ஜெபத்தில் குருக்கள் பேரையும் சேர்த்தார்கள். அந்தப் பேர் அந்தம்மாள் வாயில் பட்ட பாட்டைக் கேட்டு நான் கேபினுக்கு வெளியே ஓடிவிட்டேன்.

ஆளை மாற்றுவது என் பொறுப்பு. அடுத்த நாளிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்குக் குருக்கள் வீட்டுக் கூடத்தில் வரிசை. ஆட்டோ சுப்பிரமணி, பூ விற்கிற ஜோதியம்மாள், என் கடைக்கு வருகிற டென்மார்க்குப் பெண், எல்லோரையும் மதிவதனி கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டாள். சட்டம் ஒன்றுதான். தட்டோடு நிற்கலாம், குருக்கள் கேட்கும்வரை யாரும் பேரைச் சொல்லக் கூடாது.

முதல் மூன்று நாள் நின்று நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். நாலாம் நாள் கண்ணாயிரம் வந்தார், மூட்டையில் புது மணிலாவோடு. மாமி அதை உப்புப் போட்டு அண்டாவில் வேக வைத்தார். வீடே மண் வாசனையாக மணந்தது. கண்ணாயிரம் தட்டோடு குருக்கள் எதிரே நின்றார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். மனுஷருக்குப் பொறுமை கம்மி.

"சாமி, ஆறே காலுக்கு பஸ்ஸு. வுட்டா ஏழரைக்குத்தான். மாடு கத்தும். சட்டுனு கேளுங்க."

"அப்பா, சும்மா இரு" என்றாள் மதிவதனி.

"இன்னா சும்மா இரு? நான் பேரு சொல்லக் கூடாதுன்ன, கேக்கச் சொல்லக் கூடாதுன்னியா? கேளுங்க சாமி!"

குருக்கள் முகம் சிவந்தது. தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தொடையில் தட்டினார். "பே..." என்றார்.  "பே... பேரு?"

"கண்ணாயிரம்! மகம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பல்லி விழுந்தது. குருக்கள் திக்கித் திக்கி, "கண்... கண்ணாயிர நாமதேயஸ்ய" என்றார். கண்ணாயிரம் ஏழரை பஸ்ஸையும் விட்டுவிட்டு மணிலாப் பயறு தின்றுகொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஒரு நாளைக்கு இரண்டு பேர், நாலு பேர், ஏழு பேர். நடுநடுவே அகிலாண்டேஸ்வரி புகுந்துவிடுவாள். அப்போதெல்லாம் நிறுத்தி, தலையை ஆட்டி, தானே திருத்திக்கொண்டார்.

ஆடிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. காலை ஆறரை. குருக்கள் கூடத்தில் லேப்டாப்பை வைத்து, என் கடை இன்வெர்ட்டரையும் சுமந்துகொண்டு வந்திருந்தேன். திரையில் டாக்டர் ரூத்.  குருக்கள் பட்டையாக விபூதி பூசி, வேஷ்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தம்மாள் கை கூப்பினார். "வணக்கம், மிஸ்டர் கேலஸ்... கைலாஷ்நாட்..." நின்றார். மன்னிப்புக் கேட்டார். மறுபடி தொடங்கினார், மறுபடி சறுக்கினார். மூன்று வாரமாக ஜெபத்தில் சொல்கிற பேர், இன்னும் வரவில்லை. வெட்கத்தில் அவர் முகம் சிவந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

குருக்கள் அதைப் பார்த்தார். அந்தக் கண்மூடல் அவருக்குத் தெரியாததா? நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இடது கையைக் கேமராவுக்கு நேராகத் தூக்கினார். மதிவதனி அவருக்குத் தட்டிய மாதிரியே, தன் உள்ளங்கையில் தானே தட்டினார்.

"கை... லா... ச... நா... தன்."

யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. டாக்டர் ரூத் தன் இடது கையை விரித்துத் தட்டினார். "காய்லாச... நாட்டன்."

"தப்பு" என்றார் குருக்கள். "திரும்ப... சொல்லு."

"கைலாச... நாடன்."

"தப்பு. த. த. தன்."

நாலு தடவை. ஐந்தாம் தடவை அந்தம்மாள், "கை... லா... ச... நா... தன்" என்றார், பிசகே இல்லாமல்.

"அதான்!" என்றார் குருக்கள்.

ஐந்து மாதத்தில் அந்த வார்த்தை அன்றைக்குத்தான் சரியான இடத்தில் விழுந்தது. அவருக்கே அது தெரிந்து, வாய்விட்டுச் சிரித்தார். டாக்டர் ரூத் அந்தப் பக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மதிவதனி என் தோளில் ஓங்கி அடித்தாள். பாஸா என்று நான் கேட்கவே இல்லை.

ஆடி ஒன்று. காற்று பிராகாரத்து மணலை வாரி இறைத்தது. பிள்ளையார் சன்னதியில் கைலாசநாத குருக்கள் நின்றார். "பேரு? நட்சத்திரம்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டு, கேட்ட பேரைக் கேட்டபடி சொன்னார். மெதுவாகத்தான், ஆனால் அவர் எப்போதுமே மெதுவுதான். வரிசையில் மாமி, மாமிக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் மதிவதனியும் அவள் அப்பாவும். மாமியின் முறை வந்தது.

"யார் பேருக்கு?"

"ஆத்துக்காரருக்கு" என்றார் மாமி. "அனுஷம். காசியப கோத்ரம்."

"பேரு?"

"என்ன கேள்வி இது? உங்களுக்குத் தெரியாதா?"

"கேட்டாத்தான்... சொல்லணும். பேரு?"

மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நாற்பது வருஷமாக அந்தப் பேரை அவரும் ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. அது இதுவரை எங்கள் ஒருவருக்கும் உறைக்கவே இல்லை. வரிசை நின்றது. பின்னால் யாரோ, "என்னாச்சு, நகருங்க" என்றார்கள். குருக்கள் தட்டைப் பிள்ளையார் பாதத்தில் வைத்தார். இடது கையை விரித்தார். மெதுவாகத் தட்டினார்.

"சொல்லு."

மாமி எங்களைத் திரும்பிப் பார்த்தார். மதிவதனி தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மாமியும் கையை விரித்தார்.

"கைலாச..." உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கேக்கல" என்றார் குருக்கள். முகத்தில் அப்படி ஒரு குறும்பு.

"கைலாசநாதன்!" என்றார் மாமி. தூணில் உட்கார்ந்திருந்த புறாவெல்லாம் எழும்பிப் பறந்தன. மாமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், சிரித்தார், எது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாயிரம், "நல்லா சொன்னீங்கம்மா!" என்று கத்தினார்.

குருக்கள் கண்ணை மூடிப் பூவை எடுத்து, தன் பேருக்குத் தானே அர்ச்சனை பண்ண ஆரம்பித்தார்.